தங்கத்துக்கு எம்புட்டுத் தண்ணி

“…ஊர் ஊரா வந்து தண்ணி குடு, தண்ணி குடுன்னு சொன்னதும் நீங்க. இப்பக் குடுக்காதங்கறதும் நீங்க. அப்ப நான் எந்த டாக்டரம்மா பேச்சைக் கேக்க?”

பேச்சியம்மா இப்படிக் கேட்டது எங்கள் டாக்டரம்மாவை. நான் அவரிடம் வேலை பார்த்த காலம் முழுக்க அவரைப் பேச்சில் நிறுத்தியவர்கள் ரெண்டே பேர். ஒருவர் அவரைப் பெற்ற அம்மா. இன்னொருவர் இந்தப் பேச்சியம்மா, எங்களுக்கெல்லாம் பேச்சியக்கா.

எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, முன்னால் ஒரு வேப்பமரமும் பின்னால் துணி காயும் கொடியுமாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி. காலையில் டெட்டால் வாசமும், எதிர்த்த கடையின் இட்லிக் கொப்பரை ஆவியும் கலந்து வரும். அந்தக் கலவை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் நான் நின்றுவிடுவேன்.

கட்டிலில் பேச்சியக்காவின் மருமகள் தங்கம். பிள்ளை பெற்று மூன்று வாரம்கூட ஆகாத உடம்பு. படுக்க முடியாமல் தலையணைகளை முதுகுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மேலே வர நேரமாயிற்று. உதடு மட்டும் வறண்டு வெடித்திருந்தது.

“அத்தை, ஒரு மடக்கு,” என்றாள்.

பேச்சியக்கா சொம்பை எடுக்க, டாக்டரம்மா அதன் மேல் கையை வைக்க, அப்போது எழுந்த பேச்சுதான் மேலே நான் எழுதியது.

மெழுகுத்தாள் வாசம்

நான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போனது தரை கூட்ட. ஈ.சி.ஜி. மெஷின் வந்தபோது அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். “ரோசு, நீ வா” என்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, எந்த வயரை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அவர் வாசித்துவிட்டு மேஜையில் போடுகிற புத்தகங்களை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்துத்தான் மிச்சத்தைத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கால மெஷினில் சூடான ஊசி மெழுகு பூசிய தாளில் ஓடும். லேசாக ஒரு கருகல் வாசம் வரும். ஒருத்தருடைய நெஞ்சு எழுதுகிற வாசம் அதுதான் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

கோடுகளைவிட எனக்குப் பிடித்தது, வயரை மாட்டும்போது ஆட்கள் சொல்லுகிற பேச்சு. நெஞ்சைப் பற்றி ஒவ்வொருத்தரும் சொந்தமாக ஒன்று வைத்திருப்பார்கள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வந்த பெரியவர், “உள்ள தேனீ அடைஞ்சுருச்சும்மா, வெளிய விடத் தெரியல,” என்றார். ஒரு மில் தொழிலாளி, “சங்கு ஊதினதும் கேட்டுல முண்டுவாங்கள்ல, அந்தத் தள்ளுமுள்ளு,” என்றார்.

எல்லாவற்றிலும் எனக்குச் சிகரம் கான்சாபுரத்து விவசாயி சொன்னதுதான். வாந்தியும் பேதியுமாகத் துவண்ட ஆளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நாடியைப் பிடித்தால் நூல் மாதிரி ஓடுகிறது. அந்த நிலையிலும் அவர் சொன்னார்:

“கெணத்துல தண்ணி கீழ போயிட்டா மோட்டார் சும்மா காத்தடிக்கும்லா? எனக்கு அது ஓடுது.”

டாக்டரம்மா அப்படியே என் பக்கம் திரும்பி, “இதைவிட நல்லா எந்தப் புஸ்தகத்துலயும் எழுதல,” என்றார். நரம்பில் சலைன் ஏற்றினோம். பாட்டில் இறங்க இறங்க நாடி தடித்து வந்ததை என் விரலாலேயே தொட்டுப் பார்த்தேன். இதயத்துக்கு வருகிற ரத்தம் கூடினால் அதன் தசை கொஞ்சம் நீளும். நீண்ட தசை அடுத்த அடியைப் பலமாக அடிக்கும். நிறைய வந்தால் நிறையத் தள்ளும். மூளை வந்து உத்தரவு போட வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, “மோட்டார் எடுத்துக்கிருச்சு,” என்று சிரித்தார்.

தண்ணீர்ப் பிரசங்கம்

இதைச் சொன்னால்தான் அடுத்தது புரியும். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். பச்சை உடம்பு, தண்ணீர் பட்டால் வயிறு ஊதிவிடும், சன்னி கண்டுவிடும் என்பார்கள். கொதிக்கிற வெயிலிலும் நாளெல்லாம் நாக்கை நனைக்க ரெண்டு மடக்கு. அப்படி வறண்டு, காய்ச்சலோடும் நீர்க்கடுப்போடும் வந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து டாக்டரம்மாவுக்கு வெறி பிடித்துவிட்டது.

தன் பழைய காரில் கிளம்பிவிடுவார். நான் பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் கூஜாவோடு. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனிகளுக்குச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போவோம். வெளுக்கப் போட்ட துணியின் காரவாடையில், தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பேச்சில் சூடேறினால் “நீள்ளு இவ்வண்டி, தண்ணி குடுங்கம்மா!” என்று ரெண்டு பாஷையும் சேர்ந்து வரும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முதல் பாதியே போதும்.

ஒரு நாள் கிரேப் பேண்டேஜ் செய்கிற இடம். சுளுக்குக்குச் சுற்றுவோமே, இழுத்தால் நீளுகிற பேண்டேஜ், அது. டாக்டரம்மா ஒரு சுருளை எடுத்து இழுத்துவிட்டார். சட்டென்று சுருங்கியது.

“எவ்வளவு இழுக்கறோமோ அவ்வளவு வேகமாத் திரும்புதா? உங்க நெஞ்சும் அப்படித்தான். தண்ணி குடிச்சா ரத்தம் நிறையும். நிறைஞ்சாத்தான் பலமா அடிக்கும்.”

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அங்கே பேண்டேஜை இழுத்துப் பார்த்து நல்லதையும் கழிவையும் பிரிக்கிற வேலை பார்த்தவர். அவர்தான் பேச்சியக்கா.

“மூத்தவன் பொறந்தப்ப எங்க மாமியா குடத்தைத் தூக்கி உத்திரத்துல கட்டிட்டாக,” என்றார். “பக்கத்து வீட்டுக் கெணத்துல உருளைச் சத்தம் கேக்கும். ஆரோ தண்ணி எறைக்காகன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடப்பேன். சத்தத்தைக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தேன் டாக்டரம்மா. எங்க வீட்டுக்கு வாற பிள்ளை ஒரு நாளும் அப்படிக் கெடக்காது.”

டாக்டரம்மா கூஜாவிலிருந்து தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பேச்சியக்கா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்ததை நான் மறக்கவே மாட்டேன்.

தேவதானத்துப் பிள்ளை

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்தவள்தான் தங்கம். தேவதானத்துக்காரி, தாயில்லாப் பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதற்கு அங்கே ஆள் இல்லாததால், பேச்சியக்கா வேலைக்கு லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்.

தலைமாட்டில் சொம்பு குறையக் குறைய நிரம்பும். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

“பச்ச உடம்புக்காரிக்கு இம்புட்டுத் தண்ணியா? கண்மாயில எறக்கி விட்டுருவா போலுக்கே,” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாளாம்.

“ஆமா, உன் மருமகளையும் அனுப்பி வையி. ரெண்டும் நீந்திட்டு வரட்டும்,” என்று இவர் சொன்னாராம்.

ரெண்டாவது வாரம் தங்கத்துக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அசதி என்று பேச்சியக்கா நினைத்தார். உப்புப் போட்ட கஞ்சி, நீராகாரம், ஆட்டுக்கால் சாறு, அதன் மேல் தண்ணீர். கால் வீங்கியபோது, உடம்பு தேறுகிறது, சதை போடுகிறது என்றுகூட நினைத்திருக்கிறார். ஒரு நாள் படுத்தவள் இருமிக்கொண்டே எழுந்தாள். மறுபடி படுக்க முடியவில்லை. விடிந்ததும் வாடகைக் கார் பிடித்து எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

நான்தான் வயரை மாட்டினேன். ஊசி தாளில் தலைதெறிக்க ஓடியது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, நெஞ்சுக்கூட்டில் இதயம் தன் இடத்தைத் தாண்டி ரெண்டு பக்கமும் பரந்து கிடந்தது. எனக்கே தெரிந்தது. மதுரைக்கு அனுப்ப வேண்டிய கேஸ்தான். ஆனால் இந்த மூச்சோடு அத்தனை தூரம் தாங்குவாளா? முதலில் நுரையீரலில் தேங்கிய நீர் இறங்க வேண்டும். டாக்டரம்மா நீர் பிரிய ஊசி போட்டார். பிறகு கையை நீட்டிச் சொம்பைத் தடுத்தார்.

பத்து விரல்

“…அப்ப நான் எந்த டாக்டரம்மா பேச்சைக் கேக்க?”

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் பேச்சியக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ரெண்டு பேரு பேச்சையும் கேளுங்க. அன்னைக்கு நான் சொன்னது நல்ல நெஞ்சுக்கு. இது நொந்த நெஞ்சு. இது தண்ணியால வந்த நோயில்ல பேச்சியம்மா. பிள்ளைப்பேறு சமயத்துல எப்பவாவது ஒருத்திக்கு இப்படி நெஞ்சுத் தசை தளந்து போகுது. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல. நீங்க பண்ணினதால வரல. ஆனா வந்த பிறகு தண்ணி ஆகாது.”

“நெறஞ்சாப் பலமா அடிக்கும்னீகளே?”

டாக்டரம்மா தன் ரெண்டு கை விரல்களையும் லேசாகக் கோத்துக் காட்டினார். “தசைக்குள்ள இப்படி இழை இழையா இருக்கு. ஒண்ணை ஒண்ணு பிடிச்சு உள்ள இழுக்கும். அதுதான் ஒரு அடி. ‘பிடி’ன்னு சொல்றது கால்சியம், சுண்ணாம்புச் சத்து. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வரும், இழை பிடிக்கும். உடனே அதை அள்ளித் திரும்ப உள்ள வச்சாத்தான் இழை விடும்.”

“அப்ப வெத்தலைக்குக் கொஞ்சம் கூடத் தடவிக் குடுக்கட்டா?”

“தடவுங்க, வாய்தான் வேகும்,” என்றார் டாக்டரம்மா. தங்கம்கூட அந்த மூச்சிலும் லேசாகச் சிரித்தாள்.

“கேளுங்க. நல்ல தசை கொஞ்சம் நீண்டா, அதே சுண்ணாம்புச் சத்துக்கே இழை இன்னும் இறுக்கமாப் பிடிக்கும். அது அந்த அடியிலேயே தெரியும். செத்த நேரம் அப்படியே நீண்டு நின்னா, சுண்ணாம்புச் சத்தே கூடுதலா வர ஆரம்பிக்கும். அடி இன்னும் பலமாகும்.” கோத்த விரல்களைத் தளர்த்தி, நுனி மட்டும் தொட வைத்தார். “தங்கத்துக்குத் தசை முன்னாலயே விரிஞ்சு கெடக்கு. அள்ளி வைக்கிற வேலையும் மந்தமாயிருச்சு. இறுக்கிப் பிடிக்கவும் முடியல, முழுசா விடவும் முடியல. இன்னும் நிறைச்சா நீளும், ஆனா தள்ளாது. தள்ளாத தண்ணி பின்னால போய் நுரையீரல்ல தேங்கும். அதான் படுத்தா மூச்சு முட்டுது.”

பேச்சியக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைஞ்சு போன பேண்டேஜை உங்க கம்பெனியில என்ன செய்வீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“கழிச்சுப் போட்டு…” சொல்ல ஆரம்பித்த பேச்சியக்கா தங்கத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்தினார். “நான் அன்னைக்கு உங்களுக்குக் காட்டுனது வெறும் நூல். நூல் நைஞ்சா நைஞ்சதுதான். இது உசிருள்ளது. சுமையைக் குறைச்சு, ஓய்வு குடுத்தா திரும்பத் தேற வாய்ப்பு இருக்கு. மாத்திரையும் தாரேன். சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கூட உள்ள நிக்க வைக்கிற மாத்திரை. ஆனா தண்ணியும் உப்பும் உங்க கையில.”

கடலில் எரிகிற விளக்கு

இங்கே ஒரு ஓரமாகப் போய்விட்டு வருகிறேன், கோவிக்காதீர்கள்.

செத்த நேரம் நீண்டு நின்றால் கால்சியம் கூடும் என்று டாக்டரம்மா சொன்னாரே, அதை எப்படி ஐயா கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் குறுகுறுப்பு. தசை கண்ணுக்குத் தெரியும், சத்து தெரியுமா? தொண்ணூறுகளில் அவர் மேஜையில் கிடந்த ஒரு பழைய வைத்தியப் பத்திரிகையில் பதில் கிடைத்தது. கடலில் ஒரு வகை ஜெல்லி மீன், தொட்டால் மினுங்குமாம். அதன் உடம்பிலுள்ள ஒரு பொருள் கால்சியம் பட்டால் வெளிச்சம் விடும். அதை இதயத் தசைக்குள் செலுத்தி, இருட்டறையில் வைத்து, இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். இழுத்த உடனே அடி பலமானது, வெளிச்சம் கூடவில்லை. சில நிமிஷம் போகப் போக ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதாம்.

படித்து முடித்தபோது மத்தியானம். வார்டில் மின்விசிறிச் சத்தம். நான் பத்திரிகையை மூடிவிட்டு, கட்டில்களில் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நெஞ்சுக்குள்ளும் சத்து வருவதும் போவதுமாக இருக்கிறதே, மினுங்கினால் இந்த வார்டு எப்படி இருக்கும் என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். “கரண்ட் பில் மிச்சம்,” என்றார்.

தங்கம் பிழைத்தாளா என்று கேட்பீர்கள். பிழைத்தாள். நீர் இறங்கி, மதுரைக்குப் போய், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, மெல்ல மெல்லத் தேறினாள். அடுத்த பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னதைப் பேச்சியக்கா கடைசிவரை காவல் காத்தார். வருஷங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தங்கத்தைப் பார்த்தேன். மகள் அவள் தோள் உயரம். பஸ்ஸைப் பிடிக்க ஓடப்போன மகளை, “நில்லுட்டி, அடுத்த வண்டி வரும், அம்மா ஓடக்கூடாது,” என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினாள்.

ஆனால் அந்தக் காலை நேரத்தில் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் காலை

டாக்டரம்மா பேசி முடித்ததும் தங்கம் மறுபடி, “அத்தை…” என்றாள். கண் சொம்பிலேயே இருந்தது.

பேச்சியக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பாமலே பேசினார்.

“வேற ஆரையாவது காவலுக்குப் போடுங்க டாக்டரம்மா. இவ கேக்க, நான் இல்லங்கணுமா? எங்க மாமியா எனக்குச் செஞ்சதை நான் இவளுக்குச் செய்யவா? எனக்கு ஆகாது.”

“வேற ஆளு குடுத்துருவாங்க, பேச்சியம்மா,” என்றார் டாக்டரம்மா. “பாவம்னு குடுத்துருவாங்க. நீங்க ஒரு ஆளுதான் குடுக்காம இருப்பீங்க.”

அந்த அம்மா சொம்பைத் தூக்கிக்கொண்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அப்படிக் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தங்கத்தின் மூச்சு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் இன்னொரு நாளைக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். பேச்சியக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“ஒரு நாளைக்கு எம்புட்டுக் குடுக்கலாம்?” என்று திடீரென்று கேட்டார்.

டாக்டரம்மா அளவைச் சொன்னார். கஞ்சியும் மருந்தோடு குடிக்கிற தண்ணீரும் அதற்குள்தான் என்றார்.

“ஏட்டி ரோசு, சலைன் தீந்த கண்ணாடிப் பாட்டில் கெடக்கும்லா? கோடு போட்டது. ஒண்ணு கழுவிக் கொண்டா.”

வெந்நீரில் அலசிக் கொண்டு வந்தேன். பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, பாட்டிலில் சொட்டுச் சிந்தாமல் பேச்சியக்காவே ஊற்றினார். கஞ்சியின் அளவைக் கழித்து டாக்டரம்மா சொன்ன கோடு வந்ததும் நிறுத்தினார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றதை வெளியே சாய்த்தார். பிறகு கட்டிலுக்குப் போய் அதைத் தங்கத்தின் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தார்.

“இன்னைக்குப் பூரா இம்புட்டுத்தான். இதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது, நீ அழுதாலும் கெடையாது. ஆனா இது உன்கிட்ட இருக்கும். எப்பக் குடிக்கணும், எம்புட்டுக் குடிக்கணும்னு நீதான் பாத்துக்கிடணும். ஒருத்தரும் உன்கிட்ட இருந்து வாங்க மாட்டாக. நானும் வாங்க மாட்டேன்.”

தங்கம் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். உடனே குடிக்கவில்லை.

பேச்சியக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளுக்கு முதுகைக் காட்டி, வாசல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.